கடல் மணலும் கான்கிரீட்டும்: ஜப்பான் கற்ற பாடம்

ஆற்று மணல் தட்டுப்பாடு என்றாலே, "கடல்லதான் அவ்வளவு மணல் கிடக்கே, அள்ளிக்கலாமே!" என்று யாராவது சொல்வார்கள். ஜப்பான் அள்ளிப் பார்த்த நாடு.

ஒசாகாவிலிருந்து புறப்படும் சான்யோ புல்லட் ரயில் பாதை 1972-இல் ஒகாயாமா வரையும், 1975-இல் ஹகாட்டா வரையும் திறக்கப்பட்டது. ஆற்று மணல் போதாமல், கடலில் தோண்டிய மணலையும் கான்கிரீட்டில் சேர்த்தார்கள். பல இடங்களில் உப்பைச் சரியாகக் கழுவவில்லை.

இந்தக் குறை கியூப் டெஸ்டில் தெரியாது. 28 நாளில் பலம் வந்துவிடும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு, கம்பியின் மேலிருக்கும் பாதுகாப்புப் படலத்தை உடைத்துவிடும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெருக்க, கவர் கான்கிரீட் வெடித்து உதிரும். இதற்குப் பல வருஷம் ஆகும். அதற்குள் கட்டினவர்கள் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள்!

1980-களில் இந்தச் சேதம் ஜப்பானில் பெரிய பிரச்சினையானது. 1986-இல் ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் குளோரைடு 0.30 கிலோவுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். கழுவிய கடல் மணலை அதன் பிறகும் பயன்படுத்தினார்கள். ஆனால் கடலடியும் மீன்வளமும் கெடுவதால், ஹிரோஷிமா மாகாணம் 1998-இல் மணல் எடுப்பதையே நிறுத்தியது.

நம் ஐ.எஸ். 456 (2000) சாதாரணக் கம்பிக் கான்கிரீட்டுக்குத் தரும் வரம்பு 0.6 கிலோ. ஆகவே தம்பிகளே, தங்கைகளே, கடல் மணல் என்றதும் பயந்து ஓட வேண்டாம். கியூப் ரிசல்ட்டோடு குளோரைடு ரிசல்ட்டையும் கேளுங்கள். அது கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.