ஜனக்கணக்கும் நம் வமிசாவளியும்

நம் சமூகத்து இளைஞர் பலர் தம் முன்னோர் வரலாற்றை அறிய விழைகின்றனர். இது மகிழத்தக்கதே. ஆயின் அவர்களுட் சிலர், "சர்க்கார் எடுத்த பழைய ஜனக்கணக்கிலே பாட்டனார் பெயர் இருக்குமன்றோ? அதனை எங்கே காணலாம்?" என்று எம்மை வினவுகின்றனர். அவர்க்கு விடையாக இச்சிறு கட்டுரையை வரைகின்றோம்.

இங்கிலாந்து தேசத்தில் 1841 முதல் வீடுதோறும் எழுதிய பெயர்ப்பட்டிகள் பெரும்பாலும் பேணப்பட்டு, நூறாண்டு கழிந்தபின் யாவர்க்கும் காட்டப்படுகின்றன. நம் நாட்டிலோ அவ்வாறன்று. வீடுவீடாகச் சென்று எழுதிய தாள்கள், தொகை கூட்டியபின் அழிக்கப்பட்டன. 1948ஆம் வருஷத்துச் சட்டமும் தனி மனிதரைப் பற்றிய குறிப்புகளைப் பிறர் பார்வையிடுதலை விலக்குகின்றது. நமக்கு எஞ்சியவை அச்சிட்ட அறிக்கைகளும் அட்டவணைகளுமே. சென்னை இராஜதானிக்கு 1871இல் கார்னிஷ், 1891இல் ஸ்டூவர்ட், 1901இல் பிரான்சிஸ், 1931இல் ஈட்ஸ் முதலிய துரைமக்கள் வெளியிட்டவற்றில் ஜில்லாத் தொகையும் தொழிலும் கல்வியும் சாதியும் உண்டு. பாட்டனார் பெயர் இல்லை.

அங்ஙனமாயின் அவற்றாற் பயன் யாதோவெனின், ஓர் உதாரணம் கூறுவோம். சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871இல் ஏறக்குறைய 19 இலட்சத்து 67 ஆயிரம். 1881இல் ஏறக்குறைய 16 இலட்சம். இடையே நிகழ்ந்தது 1876 முதல் 1878 வரை வருத்திய தாது வருஷப் பஞ்சம். அந்த ஜில்லாவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் வமிசாவளி ஏட்டில், அக்காலத்திருந்த சகோதரர் ஐவருள் மூவர்க்குக் கிளை இல்லை. "அவர்கள் சந்நியாசம் பூண்டனர்" என்றே வீட்டார் சொல்லி வந்தனர். மேற்சொன்ன தொகைகளை எடுத்துக்காட்டி அவ்வீட்டு மூதாட்டியாரை மீண்டும் வினவியபோது, "கஞ்சித்தொட்டிக்குப் போனவர் திரும்பவில்லை" என்று தம் மாமியார் வழியாகக் கேட்டிருந்ததையும், அதனை வெளியிடுவது குடும்பத்துக்கு இழுக்கென்று மறைத்ததையும் அவர் கண்ணீருடன் கூறினார். அட்டவணை அம்மூவர் பெயரைச் சொல்லவில்லை; ஆனால் கேட்கவேண்டிய கேள்வியைக் காட்டிற்று. பசியால் மாண்டோரை மறைப்பதன்றோ இழுக்கு?

நிற்க, சாதிப் பெயர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். ஒரே கூட்டத்தார் ஒரு கணக்கில் ஒரு பெயராலும், அடுத்ததில் வேறொரு பெயராலும் குறிக்கப்பட்டிருக்கலாம். பிள்ளை, முதலி போன்ற பட்டங்களோ பல சாதியார்க்கும் பொதுவானவை. 1901இல் ரிஸ்லி துரையின் ஆணைப்படி சாதிகளுக்கு உயர்வு தாழ்வு வகுக்க முற்பட்டபின், தேசமெங்கும் சங்கங்கள் விண்ணப்பங்களைக் குவித்தன. 1911இல் வங்காளத்தில் மட்டும் அவற்றின் நிறை ஒன்றரை மணங்கு என்று அதிகாரிகள் எழுதியுள்ளனர். ஆதலின் அறிக்கையில் நம்மைப் பற்றிக் காணும் புகழுரையையும் இகழுரையையும் எழுதியவர் எவர், கேட்டுப் பெற்றவர் எவர் என்று ஆராயாமல் ஏற்றலாகாது. நமக்கு உவப்பானதென்பது ஒன்றே அதற்குச் சான்றாகாது.

பெயரைத் தேடுவோர் செட்டில்மெண்டு ரிஜிஸ்தரில் பட்டாதார் பெயரையும், பத்திர ஆபீசில் பழைய கிரயச் சாசனங்களையும் நாடுக. 1860 முதல் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பட்டிகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் ஆகியன காணப்படுகின்றன. இவற்றால் கிடைத்ததை ஜனக்கணக்கோடு ஒப்புநோக்குக.

எனினும் இவை எங்கும் ஓடிவிடமாட்டா. மூத்தோர் நினைவோ நம்மிடையே நாடோறும் மறைந்து வருகின்றது. ஆதலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்து முதியோரை இம்மாதமே அணுகி, பிறந்த ஊர், பெயர்ந்த ஊர், இறந்தோர், வீட்டுப் பெண்மக்களின் பெயர் ஆகிய அனைத்தையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவைக்கும்படி வேண்டிக்கொள்கின்றோம்.