கற்பித்தல் தொழில்நுட்பம் பட்டப்படிப்பான வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இன்று முதுநிலைப் பட்டமாக வழங்கப்படும் கற்பித்தல் தொழில்நுட்பம், அதாவது பாடத்தை வடிவமைத்து, அதற்கேற்ற கருவியைத் தேர்ந்து, கற்றலின் விளைவை அளந்தறியும் துறை, கணினிக்கு முன்பே வேர்விட்டதாகும். திரைப்படத்தின் வருகையால் பள்ளிகளில் நூல்கள் விரைவில் வழக்கொழியும் என்று 1913-இல் தாமஸ் எடிசன் கூறியது பொய்த்துப்போனாலும், காட்சிவழிக் கல்விக்கெனத் தனிப் பிரிவொன்று அந்நாட்டுத் தேசியக் கல்விச் சங்கத்தில் 1923-இல் தோன்றியது.

இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் விரைந்து பழக்க வேண்டியிருந்ததால் பயிற்சிப் படங்கள் பெருகின. ராபர்ட் காக்னே முதலிய உளவியலாளர்கள் படைப்பயிற்சியில் பெற்ற பட்டறிவு பின்னர் பாட வடிவமைப்புக் கோட்பாடுகளுக்கு உரமாயிற்று.

1953-இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்வையிட்ட உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், விடை சரியா தவறா என்பதை மாணவர்கள் உடனே அறிய வழியில்லாததைக் கண்டு, கற்பிக்கும் பொறியை உருவாக்க முனைந்தார். அதன் சிறு சாளரத்தில் வினா தோன்றும்; மாணவர் தாளில் விடையெழுதிப் பொறியை நகர்த்தியதும், எழுதியதைத் திருத்த இயலாதவாறு மறைப்பு மூடிக்கொள்ள, சரியான விடை வெளிப்படும். பாடத்தைச் சிறு படிகளாகப் பகுத்து நிரல்படுத்தும் இம்முறை நிரல்வழிக் கற்பித்தல் எனப்பட்டது. பொறி விரைவில் மறக்கப்பட்டது. அப்பகுப்பு முறையே, கருவிகளைவிடத் துறைக்குப் பெரிதும் பயன்பட்டது எனலாம்.

பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயற்படுத்தல், மதிப்பீடு எனும் ஐந்து கட்ட முறை, 1975-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க இராணுவத்துக்கு வகுத்தளித்த மாதிரியிலிருந்து வளர்ந்து, இன்றும் இம்முதுநிலைப் படிப்பின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாக உள்ளது.