எழுத்து பெருசாச்சு, ஓட்டு மாறிப்போச்சு

போன வாரம் ரத்ததான முகாமுக்காக ஃபேஸ்புக்ல போட ஒரு படம் செஞ்சேன். எழுத்தெல்லாம் பெருசு. இடது ஓரத்துல இடம், வலது ஓரத்துல நேரம். எந்த நேரம் எந்த இடத்துக்குன்னு புரியாம பல பேர் மாத்திப் போயிட்டாங்க. பொட்டி தட்டுறவன் டிசைன்ல கை வச்சா இப்படித்தான்!

ஆனா இதே தப்பு 2000-ல அமெரிக்கத் தேர்தலையே ஆட்டி வச்சிருக்குங்க.

ஃப்ளோரிடாவுல பாம் பீச் கவுண்டி. வயசானவங்க நிறைய. அவங்க கண்ணுக்குத் தெரியணுமேன்னு தேர்தல் அதிகாரி தெரேசா லெபோர் எழுத்தைப் பெருசாக்கினார். பத்து வேட்பாளர் பேரும் ஒரு பக்கத்துல அடங்கலை. பேர்களை ரெண்டு பக்கமும் பிரிச்சு, குத்துற துளைகளை நடுவுல ஒரே வரிசையா வச்சாங்க.

இடப்பக்கம் முதல் பேர் புஷ், ரெண்டாவது அல் கோர். வலப்பக்கம் முதல் பேர் புக்கானன். ஆனா துளைல ரெண்டாவது புக்கானனுக்கு, கோருக்கு மூணாவது! அம்புக்குறி இருந்துச்சு, இருந்தும் ஏமாந்தாங்க.

அங்க புக்கானனுக்கு 3,400 ஓட்டுக்கு மேல. பெரும்பாலானது தனக்கு விழுந்ததில்லைன்னு அவரே டிவியில சொன்னார். ஒண்ணுக்கு மேல குத்தி செல்லாமப் போனது 19,000-க்கும் அதிகம். புஷ் அந்த மாநிலத்துல ஜெயிச்சதோ 537 ஓட்டுல. ஜனாதிபதி பதவியே அதுலதான் முடிவாச்சு.

கொடுமை என்னன்னா, லெபோர் அப்போ கோரோட கட்சி.

நான் இடத்துக்கு ஒண்ணா ரெண்டு படம் மறுபடி போட்டேன். எழுத்து கொஞ்சம் சின்னதுதான்.