நிழலும் குரலும்: தியாகராஜ பாகவதரும் கடல் கடந்த அன்பர்களும்

தமிழ்ப் படவுலகில் மக்கள் கூட்டத்தின் பித்தை முதன்முதலாக முழுதும் தன்பால் ஈர்த்துக்கொண்ட நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதரே என்பதில் ஐயமில்லை. அவருடைய வீழ்ச்சியைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே முடிவில் வந்து நிற்பர். புகழிருந்தபோது சூழ்ந்து நின்ற ரசிகர் கூட்டம் சிறை சென்று மீண்டவரைத் திரும்பியும் பாராமல் கைவிட்டது, உலகம் நன்றி கெட்டது என்பார்கள். கேட்பதற்கு உருக்கமான தீர்ப்பு! ஆயினும் அது நேர்மையான தீர்ப்புத்தானா என்பதைக் கடல் கடந்து வாழ்ந்த தமிழரின், குறிப்பாகக் கெடாவின் தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழ்ந்த நம்மவரின் பக்கமிருந்து ஒருமுறை ஆராய்தல் தகும். ரசிகனைக் குற்றக் கூண்டில் ஏற்றுமுன், அவன் அந்த ஆண்டுகளில் எங்கிருந்தான், என்ன பட்டான் என்று கேட்க வேண்டாமா?

பாகவதர் 1910-ம் ஆண்டில் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பமொன்றில் பிறந்தார், வளர்ந்தது திருச்சியில். படிப்பில் மனம் செல்லவில்லை, பாட்டிலே சென்றது. எஃப். ஜி. நடேசய்யர் என்ற கலையன்பர் திருச்சியில் நடத்திவந்த ரசிக ரஞ்சன சபையின் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறியபோது அவர் சிறுவர். பின்பு பிடில் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறையாகச் சங்கீதம் பயின்றார். மேடையில் வெற்றி கண்ட ‘பவளக்கொடி’ 1934-ல் கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் படமாயிற்று. அதில் அருச்சுனனாக வந்தவரைத் தமிழ்நாடு பிறகு விடவேயில்லை. 1937-ல் வெளிவந்த ‘சிந்தாமணி’ ஓராண்டு ஓடிற்று; அப்படத்தின் வருவாயைக் கொண்டே மதுரையில் அப்பெயரால் ஒரு கொட்டகை எழுந்தது. அதே ஆண்டில் ‘அம்பிகாபதி’. அடுத்து ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’.

கழுத்தளவு வளர்ந்த தலைமுடி, பட்டு ஜிப்பா, காதில் மின்னும் வைரக் கடுக்கன், நெற்றியில் பொட்டு. இந்தக் கோலத்தைப் பார்த்து ஊரூராக இளைஞர் முடி வளர்த்தனர். நாவிதர்களுக்கும் ‘பாகவதர் கிராப்பு’ என்ற புதுப் பாடம் வந்து சேர்ந்தது. அவர் பொற்றட்டில் உண்பார் என்று பேசிக்கொண்டார்கள். உண்டாரோ இல்லையோ, உண்ண வேண்டும் என்று மக்கள் விரும்பினார்கள். தங்கள் வீட்டு மண் சட்டியில் இல்லாததை அவர் தட்டில் வைத்துப் பார்த்தது ஏழையின் ஆசை. பி. யு. சின்னப்பாவின் அன்பர்கள் ஒருபுறமும் பாகவதரின் அன்பர்கள் மறுபுறமும் நின்று சண்டையிட்டதும் உண்டு. படங்களின் கதையோ பெரும்பாலும் புராணம், பக்தி, தாசியின் மோகம், பின்பு ஞானோதயம்! அறிவுக்கு உணவாகும் சரக்கு அவற்றில் அதிகமில்லை என்று சீர்திருத்தக்காரர் அன்றே சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் மக்கள் கதைக்காகவா போனார்கள்? பாபநாசம் சிவனின் பாடல்களை அந்தக் குரலில் கேட்கப் போனார்கள்.

அதே குரல் கடலைத் தாண்டியும் வந்தது. 1930-களின் கெடாவை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பதே நிலையான கூலியாக எண்ணப்பட்ட காலம், அதிலும் ரப்பர் விலை விழுந்தபோதெல்லாம் வெட்டு. மாலையில் திறந்திருப்பது கள்ளுக்கடை. தொழிலாளிக்கு இருந்த மற்றொரு வாயில் பாட்டுத்தான். கிராணி வீட்டிலோ கடைத்தெருவிலோ சுழலும் கிராமபோன் தட்டு, சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் போன்ற நகரங்களின் படக்கொட்டகை இவற்றின் வழியே தாயகம் அவன் காதில் விழுந்தது. 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளரை உதவிப்பணம் கொடுத்து மலாயாவுக்கு அழைத்து வருவதற்குத் தடை விதித்தது. கூலி வெட்டே அதற்குக் காரணம். தடை நியாயமானதே, எனினும் அதன் பிறகு லயத்துக்குப் புதுமுகங்கள் வருவது அருகியது. ஊரிலிருந்து ஆள் வருவது குறைந்தது; படச்சுருள் வருவது குறையவில்லை. தஞ்சைச் சீமையைக் குழந்தையாக விட்டு வந்தவனுக்கும், கண்ணாலேயே காணாது தோட்டத்தில் பிறந்தவனுக்கும், ஊர் என்றால் அந்தக் குரல் என்றாகிவிட்டது. நடிகரை நேரிற் காணும் வாய்ப்பு இங்குள்ளவனுக்குக் கனவிலும் இல்லை. ஆகவே அவன் அன்பில் பேராசை இல்லை. நிழலையும் குரலையும் மட்டுமே நேசித்த அன்பு அது.

1941 டிசம்பரில் அந்தக் கயிறும் அறுந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷ் படை சிதறியதும் கெடா சில நாட்களிலேயே ஜப்பானியர் கைக்குப் போயிற்று. 1943-ல் அவர்கள் இம்மாநிலத்தைச் சயாமுக்குக் கொடுத்தார்கள். கப்பல் இல்லை, கடிதம் இல்லை, அரிசி இல்லை. சயாம்-பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட பல்லாயிரம் தமிழரில் திரும்பாதவர் எத்தனையோ பேர்.

இந்த இருட்டின் நடுவேதான் சென்னையில் பாகவதரின் புகழ் உச்சிக்கு ஏறிற்று. 1944-ம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கெடாத் தமிழனுக்கு அப்படியொரு படம் வந்த செய்தி எட்டவும் வழியில்லை. படம் வெளியான அடுத்த மாதமே, நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்துவந்த ‘இந்து நேசன்’ பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் சென்னையில் குத்துண்டு மாண்டார். டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஜூரிகளின் முடிவின்பேரில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டுத் தீபாவளிக்கும், 1946-ம் ஆண்டுத் தீபாவளிக்கும் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் சிறையில் இருந்தார். மனிதன் கம்பிக்குப் பின்னே. அவன் நிழலுக்குக் கொட்டகை நிறைந்த கூட்டம். கைவிட்ட கூட்டமா அது? சீட்டுக்குக் காசு கொடுத்து, குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவனின் பாட்டைக் கேட்க வந்த கூட்டம் அல்லவா? அவரை முதலில் விட்டு விலகியவர்கள் முதலாளிகளே. அவருக்கென்று ஒப்பந்தமான ‘உதயணன்’ வேடம் ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்குப் போயிற்று.

யுத்தம் முடிந்து 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மலாயாவுக்குத் திரும்பினர். அதன் பிறகே கப்பல் வழி மெல்லத் திறந்தது. ஆகவே ‘ஹரிதாஸ்’ இந்நாட்டுத் திரையில் தோன்றத்தக்க காலம் வந்தபோதே அதன் நாயகன் ஆயுள் கைதி. பாகவதரின் வெற்றியும் வீழ்ச்சியும் தாயகத்தாருக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நம்மவருக்கோ இரண்டும் ஒரே மூட்டையாக வந்திறங்கின.

அவ்வேளையில் கெடாத் தொழிலாளி பழைய தொழிலாளியாக இல்லை. யுத்தம் அவனை மாற்றிவிட்டது. துரை ஓடியதைக் கண்டவன் அவன். இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைக் கண்டவன், சிலபோது அதில் நடந்தவன். 1946-ல் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மூடு என்பது அதன் முதற் கோரிக்கை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் இழிவு இனி வேண்டாம் என்பதும் அந்த எழுச்சியின் குரல். 1947-ன் தொடக்க மாதங்களில் மறியலும் கைதும் போலீசாரோடு மோதலும் நிகழ்ந்தன, உயிரும் பலியாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் திருப்பியனுப்பிய வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் மீண்டும் விசாரித்து, பாகவதரையும் கிருஷ்ணனையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது அதே 1947-ம் ஆண்டு ஏப்ரலில்.

வெளியே வந்த பாகவதர் சொந்தப் பொறுப்பில் ‘ராஜமுக்தி’ எடுத்தார். அதற்கு வசனம் எழுதப் புனாவுக்குச் சென்ற புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி 1948-ல் மாண்டார் என்பது தமிழ் இலக்கியம் அந்தப் படத்துக்குக் கொடுத்த விலை, பெருவிலை. படம் தோற்றது. 1952-ல் ‘அமரகவி’, ‘சியாமளா’; 1957-ல் ‘புதுவாழ்வு’. ஒன்றும் பழைய நாளைத் திருப்பித் தரவில்லை.

அவரோடு சிறையிருந்த கிருஷ்ணன் என்ன ஆனார்? அதே வழக்கு, அதே தண்டனை, அதே விடுதலை நாள். மக்களோ அவரை அணைத்துக்கொண்டார்கள். 1949-ல் அண்ணாதுரையின் எழுத்தில் வந்த ‘நல்லதம்பி’யில் அவர் கிந்தனார் கதை நடத்தினார். நந்தனார் கோயில் வாயிலில் நின்றார். தாழ்த்தப்பட்ட குலத்துக் கிந்தனோ பட்டணம் சென்று படித்துப் பள்ளிகளைச் சோதிக்கும் அதிகாரியாகத் திரும்புகிறான். பிள்ளையைத் தோட்டப் பள்ளிக்கு அனுப்பலாமா, பால் வாளியைக் கையில் கொடுக்கலாமா என்று தவித்த தகப்பனுக்கு இக்கதை யாரைப் பற்றியது என்று விளக்க வேண்டுமா? அதே ஆண்டில் ‘வேலைக்காரி’, 1952-ல் ‘பராசக்தி’ என்று பேச்சே வாளாகச் சுழன்ற படங்கள் வந்தன. சிறை சென்றவன் என்பதற்காக மக்கள் ஒருவரைத் தள்ளியிருந்தால் கிருஷ்ணனையும் தள்ளியிருப்பார்கள்.

வேறொரு காரணமும் உண்டு. அது இயந்திரத்தின் வேலை. பாடத் தெரிந்தவனே நடிகன் என்ற விதியைப் பின்னணிப் பாட்டு உடைத்தது. முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்றாயிற்று. பாகவதரின் சாயலிலேயே 1950-ல் ‘கிருஷ்ண விஜய’த்தில் பாடத் தொடங்கிய டி. எம். சௌந்தரராஜன், பின்னாளில் சிவாஜி கணேசனுக்கும் எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் குரலானார். அந்த இராமச்சந்திரன் ‘அசோக்குமா’ரில் பாகவதருக்குப் பக்கத்தில் சிறு வேடம் பூண்டவர். பாகவதரின் பாணி தோற்கவில்லை. அதற்கு அவர் தேவைப்படவில்லை. இதுவே அவர் கதையில் மிகக் கொடிய பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. சிறையைவிடக் கொடியது.

கடைசி ஆண்டுகளில் நீரிழிவு உடலை அரித்தது, கண்பார்வையும் குன்றியது. கச்சேரிகளில் பாடிக்கொண்டுதான் இருந்தார். கேட்பதற்கு ஆளில்லாமற் போகவில்லை. 1959 அக்டோபரில் பொள்ளாச்சியில் பாடினார். நவம்பர் முதல் நாள் சென்னை மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவர் நடித்த ‘சிவகாமி’ 1960-ல்தான் திரைக்கு வந்தது.