குலுக்கலும் நிபந்தனையும்

குடத்தில் சீட்டைப் போட்டு எடுப்பது யாருக்கும் கைவரும். நிபந்தனையை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்தான் நேர்மை இருக்கிறது. ஃபோர்ட்ரானில் கணக்குப் புரோகிராம் எழுதியே காலம் தள்ளிய எனக்கு இதில் ஆசான் உத்திரமேரூர். எங்கள் நூம்பலிலிருந்து அங்கே ஒரே நாளில் போய்வரலாம்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-இல், ஊர் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் தேர்வது பற்றி அங்கே வெட்டிய கல்வெட்டைப் பாருங்கள். 30 குடும்புகள், அதாவது வார்டுகள். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது வேண்டும். முந்தைய 3 ஆண்டுகளில் வாரியம் செய்தவர், செய்தும் கணக்குக் காட்டாதவர், அவருக்கு நெருங்கிய உறவினர் ஆகியோரின் பெயர் ஓலையில் ஏறவே கூடாது. இவ்வளவும் கழித்த பிறகே குடம் வருகிறது. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்கிறான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்கிறான். அந்தப் பெயர் முடிவு. தேர்வான 30 பேரில் சம்வத்சர வாரியத்துக்கு 12, தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6.

குலுக்கலின் கணிதம் பின்னால் வந்தது. எவருக்கும் அவரவர் எண்ணே விழாத வரிசைகள் எத்தனை என்ற கேள்வியை 1708-இல் பிரான்சின் மோன்மோர் எழுப்பினார். வரிசையைச் சமவாய்ப்போடு கலைக்கும் முறையை 1938-இல் ஃபிஷரும் யேட்ஸும் தங்கள் புள்ளியியல் அட்டவணை நூலில் தந்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்தில், பெல்லாரி மாவட்டத்து ஹடகளியில் பிறந்த சி.ஆர். ராவ், 1961-இல் ‘சங்க்யா’ இதழில் வேறொரு வழி காட்டினார்: ரேண்டம் எண்படி பெட்டிகளாகப் பிரி; ஒரே பெட்டியில் பலர் விழுந்தால் அவர்களை மட்டும் மறுபடி பிரி. ஃபிஷர், யேட்ஸ் முறையைக் கணினிக்கு ஏற்றபடி 1964-இல் வெளியிட்டவர் டர்ஸ்டன்ஃபெல்ட்.

எங்கள் அடுக்ககத்தில் ஆண்டுதோறும் கார் நிறுத்துமிடம் மாறும். போன வருஷ இடம் அதே வீட்டுக்கு விழக்கூடாது. 4 கார் என்று வைத்துக்கொண்டால் 24 வரிசைகள். விதிக்கு ஒத்தவை 9. சட்டோலோ 1986-இல் வெளியிட்ட முறை அதே இடத்தைத் தரவே தராது, வேகமும் உண்டு. ஆனால் அதில் வருபவை 6 மட்டுமே. இரண்டிரண்டு வீட்டார் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளும் 3 வரிசைகள் ஒருநாளும் வரா. நான் முழுதாகக் குலுக்குவேன். ஒரு வீட்டுக்குப் பழைய இடம் விழுந்தாலும் மொத்த வரிசையையும் தள்ளிவிட்டு மறுபடி குலுக்குவேன். ஒன்றுக்கு மேல் எத்தனை கார் இருந்தாலும் சராசரியாக 3 குலுக்கலுக்குள் முடிந்துவிடும், 9-க்கும் சமவாய்ப்பு.

உங்கள் சங்கத்தில் குலுக்கல் நடந்தால் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: விதியைக் குலுக்குமுன் எழுதி ஒட்ட வேண்டும், விழுந்த சீட்டை ஒருவருக்காகக் கையால் மாற்றக்கூடாது.