எட்டாம் திங்களின் முழுமதி

கி.பி. 839ஆம் ஆண்டு. சீன நாட்டின் கீழ்க்கடற்கரையில், ஷாண்டோங் தீபகற்பத்தின் முனையில் ஒரு மலைக்கோயில். பௌத்தம் பயிலச் சப்பானிலிருந்து வந்த என்னின் என்னும் துறவி அங்குத் தங்கியிருந்தார். கோயிலைக் கட்டுவித்தவரோ சாங் போகோ என்னும் கொரியக் கடல்வணிகத் தலைவர். அங்கு வாழ்ந்த துறவியர் பலரும் கொரியத் தீபகற்பத்துச் சில்லா நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். எட்டாம் திங்கள் பதினைந்தாம் நாளன்று அவர்கள் மாவுணவும் அப்பமும் சமைத்து விழா எடுத்ததை என்னின் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இவ்விழா சில்லாவுக்கே உரியது, பிற நாடுகளில் இல்லை என்றும், பிறந்த நாட்டை நினைந்தே இங்குள்ளோர் இதனைக் கொண்டாடுகின்றனர் என்றும் அவர் குறிக்கிறார்.

இன்று சீனர் நடு இலையுதிர்கால விழா என்றும், கொரியர் சூசோக் அல்லது ஹங்காவி என்றும் போற்றும் அறுவடைத் திருநாள் இதுவே. நம் பொங்கல் கதிரவன் வழிப்பட்டது; இவ்விழா திங்கள் வழிப்பட்டது. ஆகவே செப்டம்பரிலோ அக்டோபர்த் தொடக்கத்திலோ, நம் கணக்கில் பெரும்பாலும் புரட்டாசி முழுமதியன்று, இது வந்து சேரும்.

விழாவின் தோற்றம் குறித்துக் கொரியர் காட்டும் சான்று, 1145இல் கிம் பூசிக் தொகுத்தளித்த சாம்குக் சாகி என்னும் வரலாற்று நூல். கி.பி. 32இல் சில்லா மன்னன் யூரி, தலைநகரின் ஆறு பகுதி மகளிரையும் இரு அணிகளாகப் பிரித்து, அரசமகளிர் இருவரைத் தலைவியராக்கி, ஒரு திங்கள் காலம் நெசவுப் போட்டி நடத்தினான்; எட்டாம் திங்கள் முழுமதியன்று தோற்ற அணி வென்ற அணிக்கு விருந்து படைத்தது; தோற்றவருள் ஒருத்தி எழுந்து ஆடிப் பாடிய பாட்டின் சோகம் பின்னோரையும் உருக்கியது என்பது அச்செய்தி. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஆயிரத்து நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. எனவே ஆண்டுக் கணக்கை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும் நெசவும் விருந்தும் மகளிர் ஆடலும் இவ்விழாவோடு பின்னியிருந்தமையை ஐயுற வேண்டுவதில்லை. தென்மேற்குக் கடலோர ஊர்களில் மகளிர் நிலவொளியில் கைகோத்து வட்டமாக ஆடும் காங்காங்சுல்லே என்னும் ஆடலை 2009இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

என்னினிடம் முதிய துறவியர் கூறிய காரணம் வேறு. பல்ஹே நாட்டைச் சில்லா வென்ற நாள் இது என்றனர் அவர்கள். அறுவடையைப் பற்றி அக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை! வயலை விட்டு வந்தவர் நெஞ்சில் வயல் மங்கி வெற்றி நின்றது போலும்.

சீனத்தில் கதை வேறு வகையாக வளர்ந்தது. அரசர் இலையுதிர்காலத்தில் திங்களை வழிபடுவது பழைய வழக்கம். கணவன் பெற்ற சாவா மருந்தைத் தான் உண்டு நிலவுக்குப் பறந்த சாங் அ என்பாளின் கதை கி.மு. இரண்டாம் நூற்றாண்டு நூலாகிய ஹுவாய்நான்சியில் உள்ளது. தாங் காலப் புலவர் பலர் இந்நிலவைப் பாடினர். ஆயினும் ஊரே கூடும் பெருவிழாவாக இது மலர்ந்தது சோங் காலத்திலேதான். அதற்குச் சிறந்த சான்று தருபவரும் ஊரிழந்த ஒருவரே. 1127இல் தலைநகர் கைஃபெங் சுர்ச்சென் படையிடம் வீழ்ந்தபோது தெற்கே புகுந்தவர் மெங் யுவான்லாவ். அவர் 1147இல் முன்னுரை எழுதி முடித்த நினைவு நூலில், புது மது நண்பகலுக்குள் தீர்ந்துவிடக் கடைகள் விளம்பரக் கொடியை இறக்கிவிடுவதும், நண்டும் மாதுளையும் திராட்சையும் சந்தைக்கு வருவதும், நிலவு காண மக்கள் மதுமாடங்களில் இடம் பிடிக்க முந்துவதும், சிறுவர் விடியும்வரை விளையாடுவதும் ஒன்றுவிடாமல் பதிந்துள்ளன. கையிலிருந்த ஊரை எவரும் இத்துணை நுணுகிப் பார்ப்பதில்லை. அவருக்கு முன்பே, 1076இல், பல ஆண்டுகள் காணாத தம்பியை நினைந்து சூ ஷி எழுதிய பாடலும் இதே இரவில் பிறந்தது.

மங்கோலியரை எதிர்க்க நிலவு அப்பத்துள் ஓலை மறைத்து அனுப்பினர் என்ற கதை சுவையானது. அக்காலச் சான்று அதற்கு இல்லை. நிலவில் முயலைக் காணும் வழக்கம் நமக்கும் உண்டு. சீன முயல் மருந்து இடிக்கிறது. கொரிய முயலோ அப்பத்திற்கு அரிசி இடிக்கிறது.

அரிசியே கொரிய விழாவின் உயிர். புத்தரிசி மாவில் எள், பயறு, கொட்டைகளைப் பொதிந்து, அரைநிலா வடிவில் பிடித்து, பைன் இலைமீது ஆவியில் வேகவைக்கும் சோங்பியோன் அன்றைய சிறப்புணவு. காலையில் முன்னோர்க்குப் படையல். நெல் முற்றாத ஊர்களில் படையலை ஒன்பதாம் திங்கள் ஒன்பதாம் நாளுக்குத் தள்ளி வைப்பதும் உண்டு. புத்தரிசி இன்றிப் படைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. விழாவுக்கு முன்னரே கல்லறை மேட்டில் வளர்ந்த புல்லைக் களைந்து வைப்பது பிள்ளைகளின் கடமை. இதற்காகவே தென்கொரியாவில் நகரங்களிலிருந்து ஊர் நோக்கி நெடுஞ்சாலைகள் நெரிகின்றன. அரசு விடுமுறை மூன்று நாள்.

ஆனால் 1950 முதல் 1953 வரை நடந்த போரில் வடக்கிலிருந்து ஓடிவந்தோர்க்குச் செல்ல வழியில்லை. எல்லையருகே இம்சின்காக் என்னுமிடத்தில் 1985இல் அவர்களுக்கென ஒரு பீடம் எழுப்பப்பட்டது. சூசோக் நாளில் முதியோர் அங்குக் கனியும் அப்பமும் படைத்து, வடக்கு நோக்கி மண்டியிட்டு வணங்குவர். பிரிந்த உறவினர் சிலரைச் சந்திக்க வைக்கும் ஏற்பாடும் 2018 ஆகஸ்டுக்குப் பின் நடைபெறவில்லை. அவர்கள் புல் களைய வேண்டிய கல்லறைகள் எல்லைக்கு அப்பால் இருக்கின்றன.