ஃபுக்ஸ் சக்கரம்: அசல், நகல், போலி

ஜெர்மனியின் போர்ஷே 911 காருக்கென்றே உருவாகி, அதன் அடையாளமாகவே ஆகிவிட்ட ஐந்து இதழ் அலுமினிய அலாய் வீல்தான் ஃபுக்ஸ் சக்கரம். 1910இல் தொடங்கப்பட்ட ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் மைனர்ட்ஸ்ஹாகன் ஊரில் இதைத் தயாரித்தது. போர்ஷேயின் வடிவமைப்புக் கூடத்தில் இருந்த ஹைன்ரிக் க்ளீ உருக்கொடுத்தார். 911 காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே சிறு திருத்தங்கள் செய்தார். 1966இல் வெளிவந்த 911 எஸ் மாடலில் நாலரை அங்குல அகலத்தில் முதலில் பூட்டப்பட்டது. பிறகு ஐந்தரை, ஆறு, ஏழு, எட்டு என்று அகலம் கூடிக்கொண்டே போய், பழைய உடற்கட்டு கொண்ட 911 நின்றுபோன 1989 வரை நீடித்தது.

பழைய 911 ஒன்றை வாங்கிச் சீர்செய்கிறவர்கள் அசல் சக்கரம் தேடுவதா, நகல் வாங்குவதா என்ற கேள்விக்கு எப்படியும் வந்து சேர்வார்கள். நகல் வேறு, போலி வேறு. தன்னைச் செய்த நிறுவனத்தின் பெயரையும் தாங்கும் எடையையும் முதுகில் பொறித்துக்கொண்டு, அசலைப் போன்ற தோற்றத்தோடு வருவது நகல். தன்னையே அசல் என்று சொல்லி விலைபோவது போலி. முன்னதை யோசித்து வாங்கலாம். பின்னதை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

அசலின் மதிப்பு அதன் பெயரில் மட்டும் இல்லை, செய்முறையில் இருக்கிறது. பெரும்பாலான அலாய் வீல்கள் உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி வார்க்கப்படுபவை. ஃபுக்ஸ் சக்கரம் அப்படிச் செய்யப்படுவதில்லை. சூடாக்கிய அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தக் கருவியில் வைத்து நசுக்கி உருவாக்குகிறார்கள். இதழ்களுக்கு இடையிலான துளைகளை வெட்டியெடுத்து, விளிம்பைப் பிளந்து, உருளைகளால் உருட்டி ரிம்மாக விரிக்கிறார்கள். அதன் பிறகே வெப்பப் பதம், கடைசல், மெருகு, ஆனோடைஸ் பூச்சு எல்லாம். நசுக்கும்போது உலோகத்தின் இழையோட்டம் சக்கரத்தின் வடிவத்தை ஒட்டியே அமைந்துவிடுகிறது. வார்ப்பில் தங்கிவிடக்கூடிய நுண்ணிய காற்றுக்குமிழிகளுக்கும் இங்கே இடமில்லை. அதனால் மெல்லிய கனத்திலேயே போதிய வலிமை கிடைக்கிறது, எடையும் குறைகிறது. பள்ளத்தில் பலமாக விழுந்தால் இத்தகைய சக்கரம் பெரும்பாலும் வளையும். வார்ப்புச் சக்கரம் விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். சக்கரம் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவையும் மேடுபள்ளமான சாலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கை உணரும்.

அசல் என்பதாலேயே ஒரு சக்கரம் பாதுகாப்பானது ஆகிவிடாது. இன்று கிடைப்பவற்றில் பல ஐம்பது ஆண்டு ஓடியவை. அலுமினியத்துக்கு எஃகைப் போலத் தெளிவான சோர்வு எல்லை கிடையாது. தாங்கிய ஒவ்வொரு அதிர்வும் அதன் ஆயுள் கணக்கில் சேர்கிறது. நடைபாதைக் கல்லில் உரசி உடைந்த விளிம்பில் வெல்டிங் வைத்து, கடைசல் கொடுத்து, கண்ணாடிபோல் மினுக்கி விற்பதும் நடக்கிறது. வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தில் தொழிற்சாலை கொடுத்த வெப்பப் பதம் போய்விடும். அளவுக்கு மீறி மெருகேற்றினால் ஆனோடைஸ் பூச்சும் அதன் கீழுள்ள உலோகமும் தேய்ந்து, இதழ் முனையின் கூர்மை மழுங்கிவிடும். இரண்டு சக்கரங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் மழுங்கியது உடனே தெரியும். பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல், மங்கலாக இருந்தாலும் கை படாத சக்கரத்தைத் தேர்வது நல்லது.

வாங்கும் முன் டயரைக் கழற்றச் சொல்லிச் சக்கரத்தைக் குப்புறப் போட்டுப் பார்க்க வேண்டும். முதுகில் பாக எண், அகலம், தயாரித்த மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். காரின் தயாரிப்புத் தேதிக்குச் சில மாதம் முந்திய முத்திரை நான்கு சக்கரத்திலும் இருந்தால் அது அரிய தொகுதி. கண்காட்சி நடுவர்கள் இதைத்தான் குனிந்து தேடுவார்கள். அடுத்தது விரிசல் சோதனை. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி தூவினால், கண்ணுக்குத் தெரியாத கீறல் மயிரிழை போன்ற சிவப்புக் கோடாக எழும். நட் துளைகளைச் சுற்றியோ இதழின் அடியிலோ அந்தக் கோடு தெரிந்தால், அந்தச் சக்கரம் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

நகல்களிலும் தரம் ஒன்றல்ல. அசலைப் போலவே அழுத்தி உருவாக்கியவையும் உண்டு. வார்த்துச் செய்து கனம் கூட்டியவையும் உண்டு. தராசில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. 911 காரின் எஞ்சின் பின்னால் இருப்பதால் பின் அச்சுக்கே பளு அதிகம். பின் அச்சுக்கு அனுமதித்த பளு 840 கிலோ என்றால், ஒவ்வொரு பின் சக்கரமும் குறைந்தது 420 கிலோ தாங்கியாக வேண்டும். ஜெர்மனியில் விற்பவற்றில் வாகனத் துறையின் அனுமதி எண்ணையும், ஜப்பானியத் தயாரிப்புகளில் ஜேடபிள்யூஎல் முத்திரையையும் பார்க்கலாம். எந்தக் குறியும் இல்லாத வழுவழுப்பான முதுகு கொண்ட சக்கரத்தைத் தொடவே வேண்டாம்.

பொருத்தத்தில் பெரும்பாலான தவறுகள் ஆஃப்செட்டில், அதாவது சக்கரத்தின் அகலத்து நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தூரத்தில் நேர்கின்றன. 15 அங்குல விட்டத்தில் ஆறு அங்குல அகலச் சக்கரம் ஒன்றுக்கு ஆஃப்செட் 36 மில்லிமீட்டர். வழக்கமான ஏழு அங்குலத்துக்கு 23.3. ஆர்வலர்கள் ‘7 ஆர்’ என்று அழைக்கும் அரிய ஏழு அங்குலச் சக்கரத்துக்கோ 49. பழைய குறுகலான உடலுக்குள் அகலமான டயரை அடக்கத் தோதானது என்பதால் 7 ஆர் அசலுக்குப் போட்டி அதிகம், போலிகளும் அதன்மேல்தான் குறிவைக்கின்றன. சாலையில் ஓட்டுகிறவருக்கு இங்கே நல்ல நகலே அறிவான தேர்வு என்பேன்.

நட்டையும் மறந்துவிடக் கூடாது. போர்ஷேயின் நட் உட்காரும் இடம் உருண்டை வடிவம். பல நகல்களில் அது கூம்பு. ஒன்றின் நட்டை மற்றொன்றில் முறுக்கினால் மெல்லிய விளிம்பு மட்டுமே கவ்வும், ஓட ஓடத் தளரும். சரியான நட்டைப் போட்டு, முறுக்குமானியில் 130 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கி, சிறிது தூரம் ஓட்டிய பின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பிற பழைய கார்களிலும் இதே சிக்கல் உண்டு. ராலிப் பந்தயங்களில் மினி கூப்பர் ஓடிய மினிலைட் சக்கரத்தின் அசல் மெக்னீசியத்தால் ஆனது. பூச்சு கீறியதும் அரிக்கத் தொடங்கும் உலோகம் அது. அன்றாடம் ஓடும் மினிக்கு இன்றைய அலுமினிய நகல்தான் ஏற்றது.

911 உரிமையாளர்கள் பலர் அசல் தொகுதியை டயர் இல்லாமல் துணி சுற்றி வைத்துவிட்டு, நகலைப் பூட்டி ஓட்டுகிறார்கள். காரை விற்கும்போது இரண்டையும் சேர்த்தே கொடுத்து, எது எது என்று எழுதியும் தருகிறார்கள். நகலின் முதுகிலுள்ள பெயரை அரம் போட்டு அழித்துவிட்டால், அன்றோடு அது போலி.